முன்னூறு மொட்டைக் காசுகள்

அத்தியாயம் 6

களவு போன பொருள் மேஜைமேல் இருந்தது. துப்பறியும் தொழிலுக்கு வந்த நான்கு வருடத்தில் கொழுந்தன் இப்படி ஒரு களவைப் பார்த்ததில்லை.

மரத்தட்டு ஒன்றில் வரிசைக்கு இருபதாகப் பதினைந்து வரிசை வெள்ளி வட்டங்கள். பளபளவென்று இருந்தன. ஆனால் இரண்டு பக்கமும் மொழுமொழுவென்று மொட்டை. ஒரு எழுத்து இல்லை, ஒரு கோடு இல்லை.

"எண்ணிப் பாத்துட்டீங்களா?" என்று அண்ணி கேட்டார்.

"முன்னூறு சரியா இருக்கு" என்றார் பட்டறை முதலாளி. "எடையும் சரியா இருக்கு. படம்தான் இல்ல."

ஊர் நகராட்சியானதற்கு இது நூற்றைம்பதாவது ஆண்டு. அதற்காக நகராட்சி முன்னூறு வெள்ளிக் காசுகள் செய்யச் சொல்லியிருந்தது. ஒரு பக்கம் ஆற்றுப்பாலமும் நூற்றைம்பது என்ற எண்ணும். மறுபக்கம் ஊரை நிறுவியவரின் முகம். மெடல், பேட்ஜ், சாவிக்கொத்து வில்லை எல்லாம் அடித்துத் தரும் இந்தப் பட்டறைக்கு ஆர்டர் வந்தது. புதன்கிழமை அடித்து முடித்தாயிற்று. வியாழக்கிழமை முதலாளி பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார். வெள்ளிக்கிழமையான இன்று காலை தட்டின் மேலிருந்த துணியை விலக்கினால் இந்தக் கோலம். மாலை நான்கு மணிக்கு நகராட்சித் தலைவர் காசுகளை வாங்க நேரில் வருகிறார். இப்போது மணி பன்னிரண்டு.

"பல்லும் போச்சு, காசும் போச்சு" என்றான் கொழுந்தன்.

முதலாளி வீங்கிய கன்னத்தோடு அவனைப் பார்த்தார். அண்ணியும் பார்த்தார். அண்ணி பார்த்தால் அவன் சாதாரணமாக ஒரு நிமிடம் வாயை மூடிக்கொள்வான்.

அண்ணி என்றால் அவனுடைய சொந்த அண்ணன் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டு மாடியில் 'விசாரணை நிலையம்' என்று போர்டு மாட்டினார். சும்மா இருந்த கொழுந்தனை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். வீட்டில் பேசுகிற பேச்சை வெளியே போய்ப் பேசட்டும் என்று அண்ணன்தான் சிபாரிசு செய்ததாகக் கேள்வி.

"யார்மேல சந்தேகம்?" என்றார் அண்ணி.

"சந்தேகமெல்லாம் இல்ல. ஆளே தெரியும். உள்ள உக்கார வெச்சிருக்கேன்."

பொருள் வைக்கும் அறையில் ஒரு கவிழ்த்த வாளிமேல் பாலிஷ்காரர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். விரல்களில் கழுவினாலும் போகாத கருப்பு. இதே தெருவில் மூன்று பட்டறைகளுக்கு அவர்தான் பாலிஷ் போடுகிறார். இந்த முதலாளி வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் மூன்று கதவும் சாத்திக்கொள்ளும். தலைவரோடு இன்ஸ்பெக்டரும் வருகிறாராம். நான்கு மணிக்குள் காசு வராவிட்டால் பாலிஷ்காரரைக் கையோடு அவரிடம் ஒப்படைத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"புதன்கிழமை சாயங்காலம் தட்டை எடுத்துட்டுப் போனேன்மா" என்றார் பாலிஷ்காரர். "வியாழன் காலைல பத்து மணிக்குக் கொண்டுவந்து வெச்சேன். படம் இருந்துச்சு. ஒவ்வொண்ணா நானே தேச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"வெச்சப்ப யார் இருந்தா?"

"பிரஸ்காரம்மா இருந்தாங்க. அச்சு வெட்டறவர் அவர் ரூம்ல இருந்தார். வேற யாருமில்ல."

முதலாளி குறுக்கே புகுந்தார். "நல்ல காசை அமுக்கிட்டு, வெறும் வில்லையைக் கொண்டுவந்து வெச்சிட்டார். அவ்வளவுதான் கதை."

அண்ணி தட்டிலிருந்து ஒரு மொட்டைக் காசை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது என்ன உலோகம்?"

"வெள்ளிதான். காலைலயே உரசிப் பாத்தேன். நம்ம வெள்ளியேதான்."

"அப்ப ஒரு திருடன் வந்து முன்னூறு வெள்ளியை எடுத்துட்டு, அதே எடைக்கு, அதே தரத்துல முன்னூறு வெள்ளியை வெச்சிட்டுப் போயிருக்கான்."

முதலாளி யோசித்தார். யோசிக்கையில் கன்னம் வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நம்ம வீட்டுக்கு இந்த மாதிரி ஒரு திருடன் வந்தாப் பரவாயில்ல அண்ணி" என்றான் கொழுந்தன். "பழைய நாற்காலியை எடுத்துட்டுப் புது நாற்காலி வெச்சிட்டுப் போவான்."

"வெள்ளி வேணும்னு வந்தவன் இல்ல, தம்பி. படம் வேண்டாம்னு வந்தவன்" என்றார் அண்ணி. பிறகு முதலாளியிடம், "அடிக்காத வில்லை மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

முதலாளி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அண்ணி இரண்டையும் கொழுந்தனின் உள்ளங்கையில் வைத்தார். "கண்ணை மூடிக்கிட்டு எது எதுன்னு சொல்லு."

அவன் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினான். இரண்டும் ஒரே வழவழப்பு, ஒரே கனம். விளிம்பைத் தடவியபோது விரல் நின்றது. ஒன்றின் விளிம்பு வழுக்கியது. இன்னொன்றின் விளிம்பில் சின்னச் சின்னப் பல் இருந்தது.

"இதுல பல் இருக்கு அண்ணி."

"எது?"

"தட்டுல இருந்தது."

"அடிக்கும்போதுதானே விளிம்புல பல் விழும்?" என்று அண்ணி முதலாளியைக் கேட்டார்.

"ஆமா. பிரஸ்ல அச்சைச் சுத்தி ஒரு வளையம் இருக்கும். வெள்ளி நசுங்கி அந்த வளையத்துல முட்டும்போது பல் விழும்." சொல்லிக்கொண்டே வந்தவர் வாயைத் திறந்தபடி நின்றார். பிடுங்கிய பல்லின் இடம்கூடத் தெரிந்தது.

"பொறக்கவே பொறக்காத குழந்தைக்குப் பல் முளைச்சிருக்கு" என்றான் கொழுந்தன்.

"உங்க காசு எங்கயும் போகல சார்" என்றார் அண்ணி. "முன்னூறும் இங்கதான் இருக்கு. யாரோ இதே பிரஸ்ல வெச்சு இஸ்திரி போட்டிருக்காங்க."

ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் காசைச் சாய்த்துக் காட்டினார். உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும்படி, மூச்சு பட்ட கண்ணாடியில் விரல் கோடு போல, ஒரு மூக்கின் நிழல் இருந்தது.

வில்லைகளைச் சமன் செய்ய வெறும் தட்டையான ஒரு ஜோடி அச்சு இருப்பதாக முதலாளி சொன்னார். பட்டறையில் அதற்கு மொட்டை அச்சு என்று பெயர். படம் உள்ள அச்சைக் கழற்றிவிட்டு மொட்டை அச்சை மாட்டினால் போதும். வளையத்தைத் தொட வேண்டியதில்லை. இரண்டு மூன்று அடியில் படம் படுத்துவிடும்.

"அப்ப பாலிஷ்காரர் போகலாமா?" என்று கேட்டான் கொழுந்தன்.

"இருக்கட்டும்" என்றார் முதலாளி. "அவருக்கும் பிரஸ் ஓட்டத் தெரியும்னா?"

"எனக்கு மிக்ஸியே ஓட்டத் தெரியாதுங்க" என்றார் பாலிஷ்காரர்.

*

அச்சு வெட்டுபவரின் அறை பிரஸ்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சுவரில் ஆணிகளில் பழைய அச்சுகள் தொங்கின. ஒவ்வொன்றின் முகத்திலும் குறுக்கே ஆழமாக ஒரு வெட்டு.

"இதெல்லாம் ஏன் இப்படி?" என்று கொழுந்தன் கேட்டான்.

"ஆர்டர் முடிஞ்சா, ஆர்டர் குடுத்தவங்க முன்னாடியே அச்சைச் சிதைச்சிடணும். இல்லேன்னா பின்னாடி யாராவது கள்ளத்தனமா அடிச்சிடுவாங்க" என்றார் அச்சு வெட்டுபவர். மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி மாட்டியிருந்தார். "பிரஸ் ஓட்டறவங்கதான் வெட்டணும். அந்த ஒரு வெட்டு விழுந்தாத்தான் வேலை முடிஞ்சதா அர்த்தம். இந்தக் காசோட அச்சு இன்னும் வெட்டல. இன்னைக்குத் தலைவர் வந்ததும் வெட்டணும்."

"நேத்து பிரஸ் ஓடுச்சா?"

"ஓடுச்சே. மத்தியானம் பூரா ஓடுச்சு. வேற ஆர்டர்னு நெனச்சேன். நான் தலை நிமிரல."

அண்ணி முகம் இருந்த அச்சைக் கேட்டு வாங்கினார். எஃகில் எல்லாம் குழியாகவும் தலைகீழாகவும் இருந்ததால் அது மனிதனா மாம்பழமா என்று கொழுந்தனுக்குப் புரியவில்லை.

"தம்பி, கை கழுவற இடத்துல சோப்பு இருக்கும். கொண்டா."

கொண்டுவந்தான். புதுச் சோப்பு, வெள்ளை நிறம். அண்ணி அச்சை அதன்மேல் வைத்து, தன் முழு எடையையும் கொடுத்து அழுத்தி எடுத்தார். சோப்பில் ஊரை நிறுவியவர் எழுந்து நின்றார். அகலமான நெற்றி. அடர்த்தியான மீசை. மார்புவரை சட்டை. சட்டைப் பையில் ஏதோ ஒன்று செங்குத்தாகத் துருத்திக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்றார் அண்ணி.

"பேனா" என்றார் அச்சு வெட்டுபவர்.

"கிளிப் வெச்ச பால்பாயிண்ட் பேனா."

"ஆமா."

"நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி."

அச்சு வெட்டுபவர் மேல் கண்ணாடியைக் கழற்றினார். கீழ் கண்ணாடியையும் கழற்றினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் பாக்கறதை வெட்டுவேன்" என்றார் கடைசியில். "இருக்கறதை விடமாட்டேன், இல்லாததைச் சேக்கமாட்டேன். முப்பது வருஷப் பழக்கம். போட்டோல பேனா இருந்துச்சு."

"யார் போட்டோ?"

அது ஒரு நீளமான கதை. ஊரை நிறுவியவரின் படம் நகராட்சியில் இல்லை. நூலகத்தில் இல்லை. யாரிடமும் இல்லை. முதலாளியைக் கேட்டால், யாருக்கும் தெரியாத முகத்துக்கு எந்த முகம் இருந்தால் என்ன, பெரிய மனுஷன் மாதிரி ஒன்றைப் பார்த்துப் போடு என்றார். ஆபீஸ் டிராயரில் வேலையை விட்டுப் போனவர்களின் பழைய அடையாள அட்டைகள் கிடந்தன. அதில் ஒரு முகம் நெற்றியும் மீசையுமாகப் பொருத்தமாக இருந்தது. இவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான். அட்டையில் இருந்தவர் யாரென்று தெரியாது. பெயரைக்கூடப் படிக்கவில்லை. வெட்டி முடித்ததும் அட்டையை டிராயரிலேயே போட்டுவிட்டார்.

"பேனாவை இப்பத்தான் கவனிச்சீங்களா?" கொழுந்தனுக்கு மூக்கு வியர்த்தது. ஆள் அகப்பட்டுவிட்டான் என்று பட்டது. "இல்ல, நேத்தே கவனிச்சு, மானம் போயிடுமேன்னு முன்னூறையும் நசுக்கினீங்களா?"

"நேத்தே கவனிச்சிருந்தா, அச்சுல அந்தக் குழியை மட்டும் அடைச்சு, இன்னொரு தடவை காசை அடிச்சிருப்பேன்" என்றார் அவர் வருத்தத்தோடு. "அரை நாள் வேலை. பேனாவுக்காக ஊரையே நிறுவினவரை யாராவது நசுக்குவாங்களா?"

கொழுந்தன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதை உணர்ந்து சோப்பைப் பார்த்தான்.

அண்ணி ஆபீஸ் டிராயரை இழுத்துக் கொட்டினார். பதினோரு அடையாள அட்டைகள் இருந்தன. ஒன்றிலும் அந்த நெற்றி இல்லை. அட்டையை யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள்.

"முதலாளி சார், உங்களுக்கு இந்த முகம் தெரியுதா?" சோப்பை நீட்டினார்.

முதலாளி அதை வாங்கிப் பக்கவாட்டில் திருப்பினார். ஓரத்தைப் பார்த்தார். "எங்கயோ பாத்த மாதிரி இருக்கு. நான் காசை வாங்கினா விளிம்பு பாப்பேன், கனம் பாப்பேன், எழுத்து பாப்பேன். முகத்தை யார் பாக்கறா?"

"சரி. எல்லாரும் கை கழுவிட்டு டீ குடிங்க" என்றார் அண்ணி. "தம்பி, சோப்பை எடுத்த இடத்துலயே வெச்சிடு. முகம் மேல இருக்கட்டும்."

*

கை கழுவுமிடம் பட்டறையின் மூலையில் இருந்தது. டீ டம்ளரோடு நின்றுகொண்டு அண்ணியும் கொழுந்தனும் வேடிக்கை பார்த்தார்கள். அண்ணி பார்ப்பது தெரியாமல் பார்ப்பார். கொழுந்தன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான்.

முதலில் முதலாளி வந்தார். முகத்தைக் கண்டதும் சோப்பைத் திருப்பி, அடிப்பக்கத்தை உபயோகித்தார். அடுத்து அச்சு வெட்டுபவர். தன் வேலையைத் தானே கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, ஓரத்தில் மட்டும் லேசாகத் தேய்த்துக்கொண்டார். பாலிஷ்காரரை அறையிலிருந்து விட்டார்கள். அவர் சோப்பை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்துவிட்டு வெறும் தண்ணீரில் கழுவினார். போலீஸ் வரப்போகிற நாளில் பெரிய மனிதர் யாரையும் தொட அவருக்கு மனமில்லை.

கடைசியாக பிரஸ்காரம்மா வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. காலையிலிருந்து யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. மெஷினைத் துடைத்துக்கொண்டும் எண்ணெய் விட்டுக்கொண்டும் இருந்தார். சோப்பை எடுத்தார். ஒரு கணம் பார்த்தார். குழாயைத் திறந்தார்.

முகம் இருந்த பக்கத்தைத்தான் தேய்த்தார். கையில் நுரை வந்தது, தேய்த்தார். கை சுத்தமானது, தேய்த்தார். முதலில் மூக்கு போனது. பிறகு மீசை. நெற்றி கொஞ்சம் தாக்குப் பிடித்தது. கட்டைவிரலால் சுற்றிச் சுற்றி அதையும் ஒரு வழி செய்தார். கடைசியில் பேனாவும் போனபிறகு சோப்பை வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு போனார்.

கொழுந்தன் போய்ப் பார்த்தான். சோப்பு மொட்டையாக இருந்தது.

"அண்ணி" என்றான். அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அது அரிதாக நடப்பது.

*

பின்பக்கம், அச்சுகளைக் காய்ச்சும் சின்ன அடுப்பருகே ஒரு பெஞ்சு இருந்தது. அண்ணி போய் பிரஸ்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். கொழுந்தன் நின்றான்.

"அட்டை உங்ககிட்டதானே இருக்கு?" என்றார் அண்ணி.

பிரஸ்காரம்மா மறுக்கவில்லை. கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அதே நெற்றி, மீசை, சட்டைப் பையில் பேனா. கீழே பதவி: பிரஸ் ஆப்பரேட்டர்.

"என் வீட்டுக்காரர்" என்றார். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி இந்த மெஷின்ல ஒரு போல்ட் உடைஞ்சிடுச்சு. வாங்கிட்டு வர்றேன்னு போனார். இன்னும் வரல."

"அப்புறம்?"

"ரெண்டு நாள் பாத்தேன். மெஷின் நிக்குதுன்னு முதலாளி ஆள் அனுப்பினார். நானே போய் போல்ட் வாங்கிட்டு வந்து மாட்டினேன். மாட்டினவளே ஓட்டுன்னார். ஓட்டறேன்."

அடுப்பில் கரி மெல்ல வெடித்தது. கொழுந்தனுக்குச் சொல்ல ஒரு நகைச்சுவை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"முதல் காசு அடிச்சு எடுத்தேன். இவர் பாக்கறார். மூணாவது காசுல முதலாளியைக் கூப்பிட்டு, முகத்தைப் பாருங்க சார்னேன். முகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீ விளிம்பைப் பாருன்னுட்டார். சரின்னு அடிச்சேன். நெஜத்தைச் சொல்லணும்னா, அடிக்க அடிக்க நல்லா இருந்துச்சு. பத்து டன் பாரம் அந்த முகத்து மேல எறங்குது. முன்னூறு அடி. ஆறு வருஷக் கோபம் எறங்கிடுச்சுன்னு நெனச்சேன். முடிச்சிட்டுத் தட்டைத் திரும்பிப் பாக்கறேன், முன்னூறு பேரா வந்து உக்காந்திருக்கார்."

அண்ணி அட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

"போனது ஒருத்தர்தாங்க. வந்தது முன்னூறு. பாலிஷ் அண்ணன் வேற மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக் கொண்டுவந்து வெச்சிட்டார்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகையா வியர்வையா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருந்திருக்கும். "அதைக்கூடப் பொறுத்திருப்பேன். எந்தப் பள்ளிக்கூடத்துல யார் முதல் மார்க்கோ, அந்தப் பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு மேடைல குடுக்கறாங்களாம். எட்டாவதுல என் பொண்ணுதான் முதல். அப்பா போறப்போ அவளுக்கு ஏழு வயசு. ஒரு வீட்டைத் தாங்க முடியாம கம்பி நீட்டினவரு, ஊரை உண்டாக்கினவர்னு அவ கைல வந்து உக்காரணுமா? அவ அதைப் பத்திரமா வேற வெச்சுப்பா."

"பாலிஷ்காரரை உக்கார வெச்சப்பவே சொல்லியிருக்கலாமே" என்றான் கொழுந்தன். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

"காலைலேர்ந்து வாயைத் திறக்கறேன், வரமாட்டேங்குது. இன்ஸ்பெக்டர் வந்தா சொல்லிடணும்னு இருந்தேன். அந்த அண்ணன் என்ன பண்ணினார் பாவம்." எழுந்து நின்றார். "நானே போய்ச் சொல்றேன். வேலை போனா போகுது."

*

முதலாளியிடம் அவரே சொன்னார். சப்பைக்கட்டு எதுவும் கட்டவில்லை. சொல்லி முடித்ததும் பாலிஷ்காரர்தான் முதலில் பேசினார். "அவரா அது? என்கிட்ட ஒரு குடை இரவல் வாங்கிட்டுப் போனாரே" என்றார்.

முதலாளி அடையாள அட்டையை வெகுநேரம் பார்த்தார். எட்டு வருடம் தன் கையாலேயே சம்பளம் கொடுத்த முகம். கொடுக்கும்போது கையைத்தான் பார்த்திருக்கிறார். அந்த யோசனையிலிருந்து அவர் கோபத்தைத் தேடி எடுக்கச் சற்று நேரம் ஆயிற்று.

"உன்னை இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பறேன்" என்றார் கடைசியில்.

"அனுப்புங்க" என்றார் அண்ணி. "மணி ஒண்ணே முக்கால். நாலு மணிக்குத் தலைவர் வர்றார். முன்னூறு காசை யார் அடிப்பா? நீங்க ஓட்டுவீங்களா?"

முதலாளி பிரஸ்ஸைப் பார்த்தார். பிரஸ் அவரைப் பார்த்தது போலவே இருந்தது.

"அடிச்சாலும் அதே முகம்தானே" என்றார் அண்ணி. "சட்டைப் பைல பால்பாயிண்ட் பேனா. இந்நேரம் வரைக்கும் ஊர்ல யாரும் பாக்கல. பாத்திருந்தா இந்தப் பட்டறை பேரைச் சொல்லி எத்தனை வருஷம் சிரிச்சிருப்பாங்க, யோசிங்க. இவங்க உங்க காசை மட்டும் நசுக்கல, உங்க மானத்தையும் சேத்துக் காப்பாத்தியிருக்காங்க."

"முகம் இல்லாம எப்படிம்மா குடுக்கறது? புதுசா வெட்ட நாலு நாள் ஆகும்." முதலாளி அச்சு வெட்டுபவரைப் பார்த்தார். அவர் ஐந்து நாள் என்று விரலைக் காட்டினார்.

"அப்படியே குடுத்திடுங்க" என்றான் கொழுந்தன். "ஒரு பக்கம் பாலம். இன்னொரு பக்கம் மொட்டை. நிறுவினவர் ரொம்ப அடக்கமான மனுஷன், விளம்பரம் பிடிக்காதுன்னு சொல்லிடலாம்."

அவன் தமாஷுக்குத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அண்ணி மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தார். இந்தப் பார்வை வேறு மாதிரி இருந்தது.

"அவருக்குப் படமே கிடையாது" என்றார். "இல்லாத முகத்தை இல்லேன்னே சொல்றதுல என்ன தப்பு?"

இரண்டு மணிக்கு பிரஸ்காரம்மா மேலே மொட்டை அச்சும் கீழே பால அச்சுமாக மாட்டினார். உபயோகமில்லாத முக அச்சை யாரையும் கேட்காமல் கொண்டுபோய் அடுப்பில் போட்டார். உளி இறங்க வேண்டுமானால் எஃகைக் காய்ச்சி ஆறவிட வேண்டும். பிறகு பிரஸ் ஓட ஆரம்பித்தது. அடி விழ விழக் காசுகளை எடுத்து அடுக்குவது கொழுந்தன் வேலை. பாலிஷ்காரர் வாளியை நிமிர்த்திப் போட்டுவிட்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து தேய்த்தார். இருநூற்றுப் பத்தாவது காசில் கொழுந்தனின் முதுகு போனது. அதைப் பற்றி ஏதோ சொன்னான், பிரஸ் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் முன்னூறும் தட்டில் இருந்தன.

*

தலைவர் சரியாக நான்கு மணிக்கு வந்தார். பின்னால் இன்ஸ்பெக்டர். தலைவர் ஒரு காசை எடுத்துப் பாலத்தைப் பார்த்தார், தலையாட்டினார். திருப்பினார். ஆட்டிய தலை நின்றது.

"இந்தப் பக்கம் என்ன?"

முதலாளி வீங்காத கன்னமும் வெளுத்துப் போய் நின்றார். கொழுந்தன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"ஊரை நிறுவினவர் சார். அவரோட படம் எங்கயுமே இல்ல. யாரோ ஒருத்தர் மூஞ்சியைப் போட்டு ஊரை ஏமாத்த வேண்டாம்னு பட்டறைல முடிவு பண்ணாங்க."

தலைவர் காசை முகத்துக்கு நேரே தூக்கினார். பாலிஷ்காரர் சும்மா விட்டிருக்கவில்லை, அது கண்ணாடியாகவே இருந்தது. தலைவர் அதில் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தார். இடது கையால் நெற்றி முடியைச் சரி செய்துகொண்டார்.

"பொருத்தமா இருக்கு" என்றார் உச்சி குளிர்ந்து.

இன்ஸ்பெக்டர் ஒன்றை எடுத்துப் பல்லில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அவருக்கும் பிடித்திருந்தது. தன்னை எதற்காகவோ குறிப்பாக வரச் சொன்னதாக நினைவு என்று முதலாளியைக் கேட்டார்.

"பாலிஷ் எப்படி இருக்குன்னு காட்டத்தான்" என்றார் முதலாளி. பாலிஷ்காரரை அழைத்து முன்னால் நிறுத்தினார். "இவர்தான் போட்டது. எங்க தெருவுல இவரை விட்டா ஆளில்ல."

பாலிஷ்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தலைவர் புறப்படத் திரும்பியபோது, "அச்சு வெட்டணுங்க" என்றார் அச்சு வெட்டுபவர். "உங்க முன்னாடி பண்றது வழக்கம். பாலத்தோடது இன்னும் காய்ச்சல, அது நாளைக்கு. ஒண்ணு ஆறி ரெடியா இருக்கு."

அடுப்பிலிருந்து எடுத்த அச்சு பட்டறைக்கல்லின் மேல் மல்லாந்து கிடந்தது. கருத்துப் போயிருந்தாலும் நெற்றியும் மீசையும் குழியாகத் தெரிந்தன. வெட்டுவது பிரஸ் ஓட்டுபவரின் வேலை. எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் கன்னத்தைத் தடவினார், தட்டைப் பார்த்தார், கடைசியில் பிரஸ்காரம்மாவின் முகத்தைப் பார்த்தார். இவ்வளவு வருடத்தில் நேராக அந்த முகத்தை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சம்மட்டியை எடுத்து அவரே நீட்டினார். "உன் வேலைதானே. முடி. திங்கட்கிழமை சாவிக்கொத்து ஆர்டர் வேற இருக்கு."

பிரஸ்காரம்மா உளியை வைத்தார். அவசரப்படாமல், நெற்றியிலிருந்து சட்டைப் பைவரை குறுக்காகப் பார்த்து வைத்தார். சம்மட்டி ஒரே தடவை இறங்கியது. முன்னூறு அடியை எண்ணிக் கேட்டிருந்த கொழுந்தன் அடுத்த அடிக்காகக் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தான்.

அடுத்த அடி விழவில்லை. அவர் உளியைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். அச்சை எடுத்துப்போய்ச் சுவரில், மற்ற அச்சுகளின் வரிசையில், காலியாக இருந்த ஆணியில் மாட்டினார். பிறகு கை கழுவப் போனார். சோப்பை இரண்டு தேய் தேய்த்தார், கழுவினார், வைத்துவிட்டார்.

"நாளைக்கு விழாவுக்கு வர்றீங்களாம்மா?" என்று அண்ணியைக் கேட்டார். "என் பொண்ணு மேடை ஏறறா."